பார்லிமெண்டுக்காகச் செத்துப்போன ஜெபதாஸ்

தான் செத்துப்போன செய்தியை ஜெபதாஸ் 1929ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கேள்விப்பட்டார். அப்போது அவர் அடுப்புக்குள் நீளமான மரத்துடுப்பை விட்டு ரொட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கொண்டுவந்தவர் பிரகாசம் ஐயர். சித்தூரில் மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயர் கையில் ஒரு கடிதமும் பதினாறு பக்கத்தில் ஒரு அச்சுப் புத்தகமும் இருந்தன. முகத்தில், துக்க வீட்டுக்குள் நுழையும்போது வைத்துக்கொள்கிற பாவனை இருந்தது.

"ஜெபதாஸ், செத்த ஒக்காரு. ஒரு சமாச்சாரம்."

"நின்னுக்கினே கேக்கறேன் ஐயரே. ரொட்டி கருகிப்பூடும்."

"நீ செத்துப்போயி பதிமூணு வருஷம் ஆவுதாம்."

ஜெபதாஸ் துடுப்பைக் கீழே வைக்காமல் யோசித்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. முழங்காலில் வலி உண்டு. பின்பல் இரண்டு போய்விட்டன. மற்றபடி செத்துப்போனதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி ஞானமணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யாரு சொன்னது?"

"மக்ரிம்மன் துரை சொல்லியிருக்காரு. இப்ப அவரு பார்லிமெண்டு மெம்பரு. ஸ்காட்லாந்துல போன மாசத்துக்கு முந்தின மாசம் எலெக்ஷன் நடந்து ஜெயிச்சிட்டாரு."

இந்த டங்கன் மக்ரிம்மன் யார் என்று சொல்லவேண்டும். 1911இல் மதராஸிலிருந்து சித்தூருக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரர். கலெக்டர் அல்ல, ஜட்ஜ் அல்ல, போலீஸ்கூட அல்ல. டன்ராசில் கம்பெனி என்று ஒரு வியாபாரக் கம்பெனி. அதற்கு வேர்க்கடலை வாங்கி மூட்டை கட்டி ரயிலேற்றுகிற ஏஜெண்டு. கடலை கப்பலேறிப் பிரெஞ்சுச் சீமைக்குப் போய் எண்ணெயாகும். ஊரில் அவருக்கு வேர்க்கடலைத் துரை என்று பெயர். இது அவர் காதில் விழுந்தபோது, 'பெருமைக்குரிய பிரபு' என்று அர்த்தம் என யாரோ சொல்லிவைத்தார்கள். அவரும் நம்பி, வேர்க்கடலைத் துரை என்று யாராவது கூப்பிட்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஜெபதாஸ் ஒன்பது வருஷம் பட்லர். ஜெபதாசின் நைனா நாராயணவனம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பெரிய பஞ்சத்தில் மிஷன் கஞ்சித் தொட்டிக்கு வந்து, அப்படியே சபையில் சேர்ந்தவர். மகன் மிஷன் பங்களாவில் பாத்திரம் தேய்த்து, பிறகு சமையல் கற்று, பிறகு வெள்ளை உடுப்பும் தலைப்பாகையும் மாட்டிக்கொண்டு துரைக்குப் பின்னால் நிற்கிற அளவுக்கு உயர்ந்தார். துரை 1920இல் ஊருக்குப் போனதும், கற்ற வித்தை வீணாக வேண்டாம் என்று மார்க்கெட் ரோட்டுப் பக்கம் ஒரு செங்கல் அடுப்பு கட்டி ரொட்டி சுட ஆரம்பித்தார். மாவு புளிக்கக் கள் ஊற்றுவார். அதே ரொட்டிதான் சபைக் கோயிலில் இராப்போஜனம் என்கிற நற்கருணைக்கும் போகும் என்பதால், கள் விஷயத்தை ஐயர் தெரியாததுபோல இருந்துவிடுவார்.

"படிங்க ஐயரே, இன்னா எழுதிக்கீறாருன்னு பாப்போம்" என்றாள் ஞானமணி.

ஐயர் பெஞ்சில் உட்கார்ந்து அச்சுப் புத்தகத்தைப் பிரித்தார். ஓட்டுக் கேட்பதற்காகத் துரை போட்டது. அட்டையில் தொப்பி வைத்துக்கொண்டு புலியின் மேல் ஒரு காலை வைத்து நிற்கிற படம். உள்ளே அவர் வாழ்க்கையும் சேவையும். ஐயர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

"இந்திய தேசத்துல சித்தூர் ஜில்லாவுல பத்து லட்சம் ஜனங்கள ஒம்பது வருஷம் ஒத்த ஆளா நின்னு ஆண்டவர்."

"அவரு ஆண்டது ஒரு கெடங்கு, நாலு தராசு, அப்பறம் நானு" என்றார் ஜெபதாஸ்.

"காலரா வந்தப்போ ராத்திரி பகல்னு பாக்காம குடிசை குடிசையா போயி நோயாளிங்களுக்குத் தன் கையால மருந்து குடுத்தவர்."

"காலரான்னு கேட்டவொடனே ஹார்ஸ்லி மலைக்கு வண்டி கட்டினவரு, ரெண்டு மாசம் கழிச்சித்தான் எறங்கினாரு. மருந்து பொட்டியயும் மேல எடுத்துக்கினு பூட்டாரு. இங்க நாங்க உப்புத் தண்ணி குடிச்சிக்கினு கெடந்தோம்."

"ஆளடிச்சான் புலியத் தனியா நின்னு சுட்டவர்."

இங்கே ஞானமணி மாவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "புலியா? பிச்சாட்டூரு முனிசாமியோட கன்னுக்குட்டி இல்ல அது?"

கன்றுக்குட்டிதான். அந்தி சாய்ந்த நேரத்தில் சோளக்கொல்லையில் செவலையாக எதுவோ அசைந்தது, துரை சுட்டார். முனிசாமி அழுதுகொண்டு வந்து நின்றபோது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் கன்றுக்கு என்ன வேலை என்று துரை கேட்டார். அட்டையில் இருக்கிற புலி மதராஸில் ஏலத்தில் எடுத்தது. எடுக்கும்போதே அதில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது.

"ஜனங்களோட பாஷைய அவங்களப் போலவே பேசுவார்."

ஜெபதாஸ் விரல் விட்டு எண்ணினார். வெந்நீர், ஜல்தி, போ, சும்மா இரு. அவ்வளவுதான். நாலையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்துச் சொல்லவும் அவருக்கு வரும்.

அடுத்தது திருப்பதி. திருப்பதிக்குத் துரை வந்தபோது, அந்தப் புண்ணிய பூமியின் பெரியவர்கள் மேளதாளத்துடன் ஊர் எல்லைக்கு வந்து, மாலையிட்டு, ஊர்வலமாக அழைத்துப் போனார்கள் என்று எழுதியிருந்தது. ஐயர் இதைப் படித்ததும் ஜெபதாஸ் துடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே இருந்தவர். கடலை மண்டிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஜட்கா ஒரு தெருமுனையில் திரும்பியது. எதிரே ஒரு தெலுங்குக் கல்யாண ஊர்வலம். துரை அதைத் தனக்கான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு ஜட்காவிலிருந்து குதித்தார். நாதஸ்வரக்காரருக்கு முன்னால் போய் நின்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக்காரரைத் தள்ளிவிட யாருக்குத் தைரியம் வரும்? மாப்பிள்ளை பின்னால் குதிரைமேல் விழித்துக்கொண்டு வந்தான். கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற கிழவி ஒருத்தி துரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஈயனா பெள்ளிகொடுகு?" என்று கேட்டாள். இவரா மாப்பிள்ளை என்று. துரைக்கு அது வாழ்த்தாகப் பட்டது. தலை குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். முகூர்த்தம் தப்பாமல் இருக்க, பெண் வீட்டார் வேறு மாலைக்கு ஆள் அனுப்பினார்கள்.

"இப்ப நீ செத்தது வருது" என்றார் ஐயர்.

ஜெபதாஸ் சிரிப்பை நிறுத்தினார்.

ஆரணியாற்றில் பெருவெள்ளம். முதலைகள் நிறைந்த நதி. துரையின் வண்டி நடு ஆற்றில் கவிழ்கிறது. விசுவாசமுள்ள வேலைக்காரன் ஜேபஸ் டாஸ் தன் எஜமானைக் கரைக்குத் தள்ளிவிட்டு, "என் உயிர் உங்களுடையது" என்று ஆங்கிலத்தில் கூவிக்கொண்டே முதலை வாயில் மறைகிறான். துரை மூன்று நாள் கரையிலேயே அழுகிறார். பிறகு தன் கையாலேயே அவனுக்குக் கல்லறை கட்டுகிறார். அந்த அன்புக்குக் கைம்மாறாகவே, தன் மீதி வாழ்நாளை எளிய மக்களுக்கு அர்ப்பணித்து இந்தத் தேர்தலில் நிற்கிறார்.

ஐயர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"ஆரணியாத்துல எங்கடி முதல?" என்று ஜெபதாஸ் மனைவியைக் கேட்டார்.

"வருஷத்துல பத்து மாசம் தண்ணியே இல்ல" என்றாள் ஞானமணி.

நடந்தது வேறு. 1916இல் கார்த்திகை மழை. பிச்சாட்டூர்ப் பக்கம் கடலை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆற்றில் செந்நீர் புரண்டுகொண்டிருந்தது. வண்டிக்காரன் வேண்டாம் என்றான். துரை ஜல்தி, போ என்றார். நடு ஆற்றில் சக்கரம் புதைந்தது. ஜெபதாஸ் துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை சேர்த்தார். துரை நல்ல கனம். கரையில் இறங்கியதும் துரை சொன்ன முதல் வார்த்தை கிராமபோன் என்பது. அது வண்டியிலேயே இருந்தது. ஜெபதாஸ் மறுபடி இறங்கினார். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பும்போது வெள்ளம் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு மைலுக்குக் கீழே ஏகாம்பரம் என்கிற குடியானவர் வைக்கோல் கட்டுகிற கயிற்றை வீசி அவரை இழுத்துப் போட்டார். கிராமபோன் போய்விட்டது. ஏகாம்பரம் வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு, ஈரத் துணியோடு இரண்டு நாள் நடந்து சித்தூர் வந்தார் ஜெபதாஸ். துரை அதற்குள் வேறு வண்டி பிடித்து வந்து, குளித்து, இரண்டு வேளை சாப்பிட்டு முடித்திருந்தார். ஜெபதாசைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். இரண்டு கையையும் பார்த்தார். கை காலியாக இருந்தது. அப்போதுதான் துரை அழுதார்.

"அதுக்கப்பறம் நாலு வருஷம் அவருக்கு முட்ட பொரிச்சிப் போட்டேனே ஐயரே. செத்தவன் போட்ட முட்டயவா துன்னாரு?"

ஐயர் கடிதத்தை எடுத்தார். துரையின் தொகுதியில் இருக்கிற ஒரு மாதர் சங்கம் எழுதியது. சித்தூர்ச் சபைக்கு வருஷாவருஷம் துணிமணியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் அனுப்புகிற சங்கம். ஜேபஸ் டாசின் தியாகத்தைப் படித்து அங்கே பெண்கள் கூட்டத்திலேயே அழுதுவிட்டார்களாம். அவன் ஞாபகமாக ஒரு பித்தளைப் பலகை செய்து கப்பலில் அனுப்பப்போகிறார்கள். கோயில் சுவரில் பதிக்க வேண்டும். விதவைக்குத் தனியாக ஒரு பார்சல்.

"விதவைக்கா?" என்றாள் ஞானமணி. ஐயர் அவள் பக்கம் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கமிட்டி கூடியது. செத்தவரும் அழைக்கப்பட்டிருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிவிடலாமா என்பதுதான் பேச்சு. எழுதினால் பார்லிமெண்டு மெம்பர் பொய் சொன்னதாக ஆகும், அழுத பெண்கள் அசடாவார்கள், சிலேட்டு நின்றுபோகும். கமிட்டிச் செயலாளர் இயேசுதாசன், மிஷன் பள்ளி வாத்தியார், எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இது பொய்யினு சொல்லக்கூடாது. கொஞ்சம் முன்கூட்டியே சொன்ன உண்மை. ஜெபதாஸ் அண்ணன் என்னைக்கிருந்தாலும் சாகத்தான போறாரு? பலகை அப்பவும் செவுத்துல இருக்கும். அன்னைக்கு எல்லாம் சரியாப்பூடும்."

கமிட்டியில் பலருக்கு இது தெளிவாகப் பட்டது. ஜெபதாசின் கருத்தைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பெரியவங்க பாத்து எப்பிடிச் செஞ்சாலும் சரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானமணி அவரை விட்டுவைக்கவில்லை.

"இன்னா மனுசன் நீ? உன்னிய சாவடிச்சிட்டு ஓட்டு வாங்கிக்கீறான். நீ துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சிக்கினு வர்றே!"

ஜெபதாஸ் துண்டை உதறிக் கொடியில் போட்டார். அவர் மனதில் இருந்ததை அவளிடம் சொன்னால் இன்னும் திட்டுவாள். அவருக்குப் பித்தளை பிடித்திருந்தது. அவருடைய நைனாவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. புதைத்த இடத்தில் இப்போது யாரோ எள் விதைத்திருக்கிறார்கள். தன் பெயர் மஞ்சளாக மின்னிக்கொண்டு கோயில் சுவரில் நிற்கும் என்று நினைத்தபோது, செத்துப்போனதைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தெருவிலும் மரியாதை கூடியிருந்தது. கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்கள் இப்போது குரலைத் தணித்துப் பேசினார்கள். மார்க்கெட்டில் மண்டி வைத்திருந்த கங்கையா, "நீ பேரு சீமலோ பேப்பர்லோ வச்சிந்தா?" என்று கேட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போனார். சீமைப் பத்திரிகையில் பெயர் வந்தவர் என்ற அந்தஸ்து சித்தூரில் அப்போது வக்கீல்களுக்கே கிடையாது.

டிசம்பரில் பார்சல்கள் வந்தன. விதவைக்கு வந்தது ஒரு கறுப்புக் கம்பளிப் போர்வை. முப்பது பெண்கள் ஆளுக்கொரு சதுரமாகப் பின்னிச் சேர்த்தது. சித்தூர் வெயிலில் அதைத் தொட்டாலே வியர்த்தது. ஞானமணி அதைப் பிசைந்த மாவின் மேல் மூடிப் பார்த்தாள். மாவு பாதி நேரத்தில் பொங்கியது. ஸ்காட்லாந்துப் பெண்களைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அன்றைக்குத்தான்.

பலகையை ரயில்வே ஸ்டேஷனிலேயே பிரித்துப் பார்த்தார் ஜெபதாஸ். இயேசுதாசன் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். மேலே பெரிய எழுத்தில் கனம் டங்கன் மக்ரிம்மன், பார்லிமெண்டு மெம்பர். அதன் கீழே அவருடைய பட்டங்கள், தொகுதி, கட்சி. அதற்கும் கீழே அவர் சொன்ன ஒரு வாசகம். கடைசி வரியில், ஆணி அடிக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், 'அவருடைய வேலைக்காரன் ஜேபஸ் டாஸ் நினைவாக.'

"என் பேரு இதுல எங்க?" என்றார் ஜெபதாஸ்.

"இதோ, இங்க. கொஞ்சம் வேற மாதிரி எழுதிக்கீறாங்க."

ஜெபதாஸ் அந்த வரியை விரலால் தடவினார். ஒரு விரல் அகலம்கூட இல்லை. பலகையை மறுபடி சுற்றிக் கட்டினார்.

திறப்பு விழா 1930 பிப்ரவரியில். டன்ராசில் கம்பெனியின் மதராஸ் மானேஜர் தலைமை. அவர் பெயர் பெயர்டன். கூடவே ஒரு போட்டோக்காரர். ஐயர் முந்தின நாளே வந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஜெபதாஸ், நாளைக்கு நீ கோயிலுக்கு வராம இருந்தா நல்லா இருக்கும்."

"வராம எப்பிடி ஐயரே? விருந்துக்கு பன்னும் கேக்கும் நான்தான போடணும்?"

அது உண்மை. சித்தூரில் வெள்ளைக்காரர் வாயில் வைக்கிற மாதிரி கேக் சுட வேறு ஆள் கிடையாது. கடைசியில், செத்தவர் கோயிலுக்குப் பின்புறத்துச் சமையல் கொட்டகையிலேயே இருப்பது, விதவை முன்வரிசையில் உட்காருவது என்று முடிவானது. வெள்ளைச் சேலை கட்டி வரும்படி ஐயர் ஞானமணியிடம் சொல்லியனுப்பினார். ஞானமணி தன் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அரக்குச் சிவப்பு. தலை நிறையக் கனகாம்பரம். நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. பெயர்டன் துரை எழுந்து மக்ரிம்மன் துரையின் வாழ்க்கையைச் சொன்னார். பத்து லட்சம் மக்கள், காலரா, புலி, பாஷை, முதலை. இயேசுதாசன் ஒவ்வொன்றாகத் தமிழில் மொழிபெயர்த்தார். கன்றுக்குட்டியின் சொந்தக்காரர் முனிசாமியும் வேடிக்கை பார்க்க வந்து வாசல்படியில் நின்றிருந்தார். புலி வந்த இடத்தில் அவர் சத்தமாக மூக்கைச் சிந்தினார். இனி அந்த ஸ்காட்லாந்து வீரர் பார்லிமெண்டில் இந்திய மக்கள் அனைவருக்காகவும் பேசுவார் என்று பெயர்டன் முடித்தார்.

"நாம அவருக்கு ஓட்டுப் போட்டோமா?" என்று பின்வரிசையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அதட்டி அடக்கினார்.

பிறகு பெயர்டன் கயிற்றை இழுத்தார். பலகையை மூடியிருந்த பட்டுத் திரை அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். கயிறு அறுந்து கையோடு வந்தது. ஐயர் எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. இயேசுதாசன் நாற்காலி போட்டு ஏறினார், அப்போதும் எட்டவில்லை. சபையில் நல்ல உயரமானவர் ஒரே ஒருவர். எல்லாருக்கும் அது தெரியும், யாரும் சொல்லவில்லை.

ஞானமணி நாற்காலியை விட்டு எழுந்தாள். கோயிலின் பின்கதவைப் பார்த்து, வயலில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க! இங்க வாங்க. உங்க திரை சிக்கிக்கினு கீது!"

ஜெபதாஸ் வந்தார். முழங்கை வரை மாவு. இடுப்பில் அழுக்குத் துண்டு. நாற்காலியில் ஏறி, கையை உயர்த்தி, ஆணியில் சிக்கியிருந்த திரையை விடுவித்தார். திரை அவர் தலைமேலேயே விழுந்தது. அதை எடுத்துவிட்டு அவர் திரும்பியபோது பெயர்டன் துரை அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்டன் 1918இல் சின்ன உத்தியோகத்தில் சித்தூர் வந்து மக்ரிம்மன் பங்களாவில் ஒரு மாதம் தங்கியவர். இந்தக் கை போட்ட ஆம்லெட்டைத் தின்றவர்.

"ஜெபதாஸ்!" என்றார் பெயர்டன். பலகையைப் பார்த்தார். மறுபடி ஜெபதாசைப் பார்த்தார். "நீ செத்துவிட்டாயே?"

ஒன்பது வருஷம் துரைக்குப் பின்னால் நின்று சேர்த்துவைத்த ஆங்கிலம் முழுவதையும் ஜெபதாஸ் ஒன்றாகத் திரட்டினார்.

"நோ சார். கிராமபோன் டெட். ஐ நாட் டெட்."

முதலில் சிரித்தது முனிசாமி. பிறகு பின்வரிசை. அதன்பின் கோயில் முழுவதும். ஐயர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், புத்தகம் குலுங்கியது. பெயர்டன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நன்றாக யோசித்தார். மக்ரிம்மன் பார்லிமெண்டில் இருக்கிறார். கடலை ஏற்றுமதிக்குச் சலுகை கேட்டுக் கம்பெனி அவரிடம் மனு கொடுத்திருக்கிறது. எதிரே நிற்பது ஒரு ரொட்டிக்காரன்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் பெயர்டன். "அடுத்த பாட்டைப் பாடலாம்."

பாடினார்கள். பலகை சுவரில் நின்றது. போட்டோவும் எடுத்தார்கள். நாலு மாதம் கழித்து அது அச்சான பத்திரிகை சித்தூருக்கு வந்தது. பலகைக்குப் பக்கத்தில், கையிலும் தலையிலும் மாவோடு ஜெபதாஸ் நிற்கிறார். கீழே எழுதியிருந்தது: 'துக்கத்தில் தலையில் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும் ஊர்க்காரர்.'

ஜெபதாசுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. இயேசுதாசனை உட்காரவைத்துத் துரைக்கு ஒரு கடிதம் சொன்னார். தான் உயிரோடு இருப்பதாகவும், இந்தச் செய்தியைத் துரை பார்லிமெண்டில் சொல்ல வேண்டும் என்றும், முனிசாமியின் கன்று விஷயம் இன்னும் முடியவில்லை என்றும் கடிதம் போனது. பதிலாக ஒரு அச்சடித்த அட்டை வந்தது. தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்படும். தொகுதி மக்கள் தொடர்ந்து ஆதரவு தர வேண்டும்.

மக்ரிம்மன் துரை பார்லிமெண்டில் இரண்டரை வருஷம் இருந்தார். மிஷன் பங்களாவுக்கு வருகிற பேப்பரை ஐயர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திய மக்கள் அனைவருக்காகவும் துரை வாய் திறந்தது ஒரே ஒரு முறை. எண்ணெய் வித்துகளின் கப்பல் வாடகையைப் பற்றி. 1931 அக்டோபரில் மறுபடி தேர்தல் வந்து துரை தோற்றுப்போனார். செய்தி கேட்டு ஜெபதாஸ் வேலையை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாவம்" என்றார்.

"எவன் பாவம்?" என்றாள் ஞானமணி.

"என்னிய சாவடிச்சும் ரெண்டு வருஷம்தான வந்திச்சி."

தோற்றவருக்கு வேலை வேண்டுமல்லவா, துரை புத்தகம் எழுதினார். அதற்காக ஐயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஜேபஸ் டாசின் கல்லறையைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பவேண்டும், பதிப்பாளர் கேட்கிறார். ஐயர் அந்த வருஷம்தான் பேரன் எடுத்திருந்தார். பொய் சொல்லிச் சலித்தும் போயிருந்தார். கடிதத்தை ரொட்டிக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஞானமணி பதில் சொன்னாள், ஐயரே எழுதினார்.

"கல்லறை இன்னும் கட்டல. ஆளு ரொட்டி சுட்டுக்கினு கீறான். ஓஞ்சப்பறம் சொல்லி அனுப்பறோம்."

அதற்குப் பதில் இல்லை. 1933இல் புத்தகம் மட்டும் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கல்லறைப் படம். பெரிய கும்பம், நான்கு மூலையிலும் ஸ்தூபி, சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். 'என் ஜேபஸுக்கு நான் எழுப்பியது.' ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வேலூர் போகிற வழியில் ஒரு மேட்டின் மேல் நிற்கிற, நவாப் காலத்துப் பெரிய மனிதர் யாரையோ புதைத்த கோரி அது.

ஐயர் அந்தப் படத்தை ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோய் ஜெபதாசிடம் காட்டினார். அடுத்த திங்கட்கிழமை ஜெபதாஸ் அடுப்பை மூட்டவில்லை. ஒரு துணிப்பையில் நாலு ரொட்டியும் வெல்லமும் கட்டிக்கொண்டார்.

"கெளம்பு, போயி பாத்துக்கினு வரலாம்" என்றார்.

"எதை?"

"எனக்குக் கட்டினத."

ஞானமணி திட்ட வாயெடுத்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். காட்பாடி வண்டியில் போய், அங்கிருந்து நடந்தார்கள். கோரியில் ஒரு ஆடு மேய்ப்பவரைத் தவிர யாரும் இல்லை. ஜெபதாஸ் அதைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்தார். ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்துக் காலணியைக் கழற்றிவிட்டு, அங்கே படுத்திருந்த முகம் தெரியாத பெரியவருக்குத் தலையைத் தாழ்த்தினார்.

"நல்ல வேலப்பாடு" என்றார். "நம்ம துரைக்கு ஒரு செங்கல்லு வெக்கத் தெரியாது."

நிழல் விழுந்த பக்கமாகப் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஞானமணி பையை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்து அவரிடம் பாதியைக் கொடுத்தாள். ஆடு மேய்ப்பவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார்கள். சாயங்கால வண்டிக்கு நேரமிருந்தது. காற்றும் நன்றாக இருந்தது.